மோட்டார்ஹோம் கியர்பாக்ஸ் ஆயில்: அளவு பார்ப்பதும் மாற்றுவதும்

லாரியில் கியர்பாக்ஸ் ஆயில் ஓடிக் கெடும். மோட்டார்ஹோமில், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியில், அது பெரும்பாலும் நின்றே கெடும், இல்லையென்றால் மலையேற்றத்தில் வெந்து கெடும். கையேட்டில் மாற்றும் தூரம் லட்சக்கணக்கான மைலாகப் போட்டிருக்கும். கோடையில் இரண்டு மாதம் சுற்றிவிட்டு மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும் வண்டி அந்தக் கணக்கை எட்டவே எட்டாது. அதனால் தூரத்துக்குப் பக்கத்தில் சிறிதாக அச்சிட்டிருக்கும் மாதக் கணக்கைத்தான் நீங்கள் பின்பற்ற வேண்டும்.

இங்கே முதன்மையாக எடுத்துக்கொண்டிருப்பது வட அமெரிக்காவில் பின்பக்க டீசல் என்ஜின் கொண்ட பெரிய மோட்டார்ஹோம்களில் பரவலாக இருக்கும் அலிசன் 3000 எம்ஹெச் ஆறு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். சிறிய டீசல் வண்டிகளில் வரும் அலிசன் 1000 வகைக்கும், பெட்ரோல் ஃபோர்டு வண்டிகளுக்கும் வேறுபடும் இடங்களைக் கடைசியில் சொல்லியிருக்கிறோம். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில்.

எந்த ஆயில்

முதலில் ஒரு பெயர்க் குழப்பம். நம் ஊர்ப் பட்டறையில் 'கியர் ஆயில்' என்று கேட்டால் டிஃபரன்ஷியலுக்கு ஊற்றும் தேன் போன்ற கெட்டி ஆயிலை எடுத்துத் தருவார்கள். ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் போவது அது இல்லை. மெலிதான சிவப்பு ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கென்றே உள்ள ஆயில். இது உயவுக்கு மட்டும் இல்லை. கிளட்சை அழுத்துவதும், டார்க் கன்வர்ட்டர் வழியாக என்ஜின் சக்தியைக் கடத்துவதும், உள்ளே பிறக்கும் சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவதும் இதே ஆயில்தான்.

அலிசனுக்கு டப்பாவின் பிராண்டைப் பார்க்காதீர்கள், 'டிஇஎஸ்' என்ற அலிசனின் ஆயில் தர எண்ணைப் பாருங்கள். முன்பு டிஇஎஸ் 295 என்ற சிந்தெடிக் தரம் இருந்தது, இப்போது அதன் இடத்துக்கு டிஇஎஸ் 668 வந்திருக்கிறது. பழைய 295 இருக்கும் பெட்டியில் 668-ஐ ஊற்றலாம். விலை குறைந்த மினரல் ஆயில் ஊற்றினால் பெட்டி அன்றைக்கே கெட்டுப்போகாது. ஆனால் மாற்றும் இடைவெளி பல மடங்கு சுருங்கிவிடும், மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும்.

பழைய வண்டி வாங்கியவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. நான்கு அங்குல ஆழ எண்ணெய்த் தொட்டி உள்ள 3000 பெட்டியில் மொத்தம் சுமார் 27 லிட்டர் இருக்கும். வடிகால் அடைப்பைத் திறந்து வடித்தால் வருவது சுமார் 18 லிட்டர். மீதி 9 லிட்டர் கன்வர்ட்டரிலும் கூலரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். அதாவது ஒருமுறை மாற்றியபின்னும் மூன்றில் ஒரு பங்கு பழையதுதான். உள்ளே மினரல் ஆயில் இருந்து சிந்தெடிக்குக்கு மாறுகிறீர்கள் என்றால் ஒரே மாற்றலில் சிந்தெடிக்கின் நீண்ட இடைவெளியை நம்பக் கூடாது. இரண்டாவது முறை வடித்தபின்தான் பழையது ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும். இரண்டு அங்குலத் தொட்டி என்றால் மொத்தம் சுமார் 25, வடிவது 16 லிட்டர்.

அளவு பார்ப்பது

இந்தப் பெட்டிகளில் பழைய ஆயிலைவிடத் தப்பான அளவு அதிகக் கெடுதல் செய்யும். குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலில் தோய்ந்து அதைக் கடைந்து நுரையாக்கும். இரண்டிலும் முடிவு ஒன்றே: காற்றுக் குமிழி கலந்த ஆயிலால் கிளட்சை அழுத்திப் பிடிக்க முடியாது. பிளேட் வழுக்கும், சூடேறும், கியர் மாற்றம் தள்ளாடும். அறிகுறியை மட்டும் பார்த்து 'ஆயில் குறைவு' என்று முடிவுகட்டி மேலும் ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆயில் சூட்டில் விரியும். 20 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போகும்போது 27 லிட்டர் ஆயில் ஒரு லிட்டருக்குச் சற்று மேலாகவே கூடிவிடும். குளிர்ந்த நிலையில் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவுக் குச்சியில்) உள்ள 'சூடு' கோடுவரை நிரப்பினால், மலையேறும்போது அந்த ஒரு லிட்டர் எங்கே போகும்? மூச்சுத் துளை வழியாக வெளியே வழியும்.

ஆயில் அளவு சென்சார் உள்ள வண்டியில் கியர் பட்டன் பலகையே அளவைச் சொல்லும். சமதளத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, நியூட்ரலில் என்ஜினை ஐடிலில் விடுங்கள். ஆயில் 60-க்கும் 104-க்கும் இடையில் இருக்க வேண்டும். மேல் அம்பு, கீழ் அம்பு இரண்டையும் ஒன்றாக ஒருமுறை அழுத்துங்கள். திரையில் 8-லிருந்து 1 வரை இறங்குமுகமாக எண்கள் வரும். சுவர்களில் ஒட்டிய ஆயில் தொட்டிக்கு வடியவும் குமிழிகள் அடங்கவும் இரண்டு நிமிடம் வேண்டும், அதற்கான காத்திருப்பு இது. பிறகு 'ஓகே' வந்தால் சரி. 'லோ' என்று வந்து 02 காட்டினால் இரண்டு குவார்ட் குறைவு. 'ஹை' என்று வந்து 01 காட்டினால் ஒரு குவார்ட் கூடுதல். ஒரு குவார்ட் என்பது 0.95 லிட்டர்.

அளவு வராமல் வேறு எண் வந்தால் பெட்டியில் கோளாறு என்று அர்த்தமில்லை. நிபந்தனை ஏதோ சேரவில்லை. 50 என்றால் என்ஜின் வேகம் குறைவு, 59 என்றால் அதிகம். 65 என்றால் நியூட்ரலில் இல்லை. 70 ஆயில் இன்னும் சூடாகவில்லை என்பது, 79 அளவுக்குமேல் சூடு என்பது. 89 வந்தால் வண்டி நகர்கிறது. 95 மட்டும்தான் சென்சார் கோளாறு. அதற்குப் பட்டறைக்குப் போக வேண்டும்.

டிப்ஸ்டிக்கில் பார்ப்பதானால் சுற்றியுள்ள அழுக்கைத் துடைத்துவிட்டு இழுங்கள்; உள்ளே விழும் மணல் துகள் ஒரு வால்வை மாட்டவைக்கப் போதும். குளிரில், அதாவது ஆயில் 16 முதல் 49 டிகிரிக்குள் இருக்கும்போது பார்ப்பது, வண்டியை எடுக்கும் அளவுக்கு ஆயில் இருக்கிறதா என்று உறுதிசெய்ய மட்டுமே. பிரேக்கை அழுத்தியபடி டி, ஆர் இரண்டிலும் ஒருமுறை போட்டுக் குழாய்க் காற்றை வெளியேற்றி, நியூட்ரலுக்கு வந்து, என்ஜின் ஓடும்போதே பாருங்கள். குறைந்தால் 'குளிர்' பட்டைக்குள் வரும்வரை மட்டும் ஊற்றுங்கள். இறுதிக் கணக்கு 71-லிருந்து 93 டிகிரிக்குள் பார்ப்பதுதான். இரண்டு முறை இழுத்துப் பாருங்கள்; இரண்டும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது முறை.

நிறமும் மணமும்

கருத்துவிட்டது என்பதற்காக மட்டும் ஆயிலைக் கொட்டிவிடத் தேவையில்லை. கருமையோடு தீய்ந்த வாடையும் சேர்ந்தால் கிளட்ச் பிளேட் வழுக்கியிருக்கிறது. சந்தேகம் வந்தால், வடிக்கும்போது முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு நடுவில் ஒரு சிறு புட்டி பிடித்து ஆயில் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவது நல்ல செலவு.

பால் கலந்த காபி போலவோ ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் போலவோ இருந்தால் வண்டியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். கூலருக்குள் கூலன்ட் ஆயிலோடு கலந்துவிட்டது. கிளட்ச் பிளேட்டின் உராய்வுப் பட்டை எஃகில் பசையால் ஒட்டியது. கூலன்டில் இருக்கும் தண்ணீரும் கிளைகாலும் அந்த ஒட்டை விடவைத்துவிடும். இந்த நிலையில் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. கூலரைச் சரிசெய்து, பெட்டியைப் பிரித்துப் பிளேட்டுகளை மாற்றியே ஆக வேண்டும்.

எப்போது மாற்றுவது

2009 வாக்கில் வந்த நான்காம் தலைமுறைப் பெட்டிகளிலிருந்து ஆயில், ஃபில்டர் ஆயுளைக் கணிக்கும் வசதி உண்டு. அம்பு பட்டன்களை இரண்டாம் முறை அழுத்தினால் ஆயில் ஆயுள் சதவீதமும், மூன்றாம் முறை ஃபில்டர் நிலையும், நான்காம் முறை கிளட்ச் நிலையும் தெரியும். இந்த வசதி இயங்கும் வண்டியில் எச்சரிக்கை வரும்போது, அல்லது 60 மாதத்தில், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். டிஇஎஸ் 295 அல்லது 668 ஆயிலும் அலிசனின் உயர்திறன் ஃபில்டரும் போட்டிருந்தால்தான் இந்தக் கணிப்பை நம்பலாம். வேறு ஆயில் ஊற்றியிருந்தால் திரை பொய் சொல்லும். வசதி இல்லாத பழைய பெட்டிக்கு, அதே ஆயிலும் ஃபில்டரும் இருந்தால், ஃபில்டர் 36 மாதம், ஆயில் 48 மாதம்.

மாற்றும் வேலை

ஏர் சஸ்பென்ஷன் வண்டியின் அடியில் காற்றுப் பையை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். காற்று இறங்கினால் வண்டி நொடியில் அமர்ந்துவிடும். சமன்படுத்தும் ஜாக்கும் அதற்கானதில்லை. நான்கு சக்கரமும் ஏறும் உறுதியான மேடை அல்லது பட்டறைக் குழி, இல்லையென்றால் சேஸிஸ் சட்டத்துக்கு அடியில் வண்டி எடைக்கு ஏற்ற ஸ்டாண்டுகள், கூடவே சக்கரக் கட்டை. இவை இல்லாதவர்கள் இந்த வேலையைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே நல்லது.

நான்கு அங்குலத் தொட்டிக்கு 5 அமெரிக்க கேலன் வாளி ஒன்று போதும், அதில் 18.9 லிட்டர் இருக்கும். ஃபில்டர் செட்டை வாங்கும்போது பெட்டியின் வலது பின்பக்கத் தகட்டில் உள்ள சீரியல் எண்ணைக் கொடுத்து வாங்குங்கள். இரண்டு அங்குலத் தொட்டிக்கும் நான்கு அங்குலத் தொட்டிக்கும் செட் வேறு, ஒன்றுக்கு மற்றது சேராது. குறைந்தது 25 லிட்டர் கொள்ளும் பாத்திரம், டார்க் ரெஞ்ச், நீளக் குழாய் வைத்த புனல், பஞ்சு உதிராத துணி ஆகியவையும் வேண்டும்.

வண்டியைச் சற்று ஓட்டி ஆயிலை வெதுவெதுப்பாக்குங்கள். அப்போதுதான் அடியில் படிந்த தூளும் சேர்ந்து வரும். முழுச் சூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். அடைப்பைக் கழற்றி, குறைந்தது இருபது நிமிடம் சொட்டவிட்டு, வந்ததை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பில் சாம்பல் நிறப் பசை போல நுண்தூள் இருப்பது இயல்பு. நகத்தில் நெருடும் துண்டு இருந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

தொட்டியின் அடியில் இரண்டு ஃபில்டர் மூடிகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு போல்ட். கழற்றும்போது மூடிக்குள் தேங்கிய ஆயிலும் கொட்டும். புது ஓ-ரிங்குகளில் அதே ஏடிஎஃப் தடவி, ஃபில்டரை மூடியோடு நேராகக் கையால் அழுத்தி இருத்துங்கள். பலரும் தவறுவது அடுத்த கட்டத்தில்தான்: மூடி முழுதாக உட்காரும் முன்பே போல்டை முறுக்கி அதை உள்ளே இழுக்கப் பார்ப்பார்கள். மூடி கோணும், ஓ-ரிங் வெட்டுப்படும், சமயத்தில் தொட்டியே விரிசல் விடும். கையால் உட்கார்ந்தபின் போல்டுகளை எதிரெதிராக 51–61 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். வடிகால் அடைப்புக்குப் புது ஓ-ரிங், 25–32 நியூட்டன் மீட்டர் போதும். 'கொஞ்சம் கூடவே இருக்கட்டும்' என்று இறுக்குவது அலுமினிய மரையை உரித்துவிடும்.

வடிந்த அளவைவிட ஒரு லிட்டர் குறைவாக டிப்ஸ்டிக் குழாய் வழியே ஊற்றி, என்ஜினைப் போட்டு, கியர்களை ஒருமுறை சுற்றிவந்து குளிர் அளவு பாருங்கள். கசிவு இல்லையென்றால் ஆயில் 71 டிகிரியைத் தாண்டும்வரை ஓட்டிவந்து சூட்டளவில் மீதியைச் சரிக்கட்டுங்கள். கூட ஊற்றிவிட்டு வடிப்பதைவிடக் குறைத்து ஊற்றிச் சேர்ப்பது எளிது. கடைசியாக, ஆயில் ஆயுள் திரையில் இருக்கும்போது 'மோடு' பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்துக் கணக்கைப் புதுப்பியுங்கள். ஃபில்டர் திரையிலும் அதேபோல.

சூடு

தொட்டியில் 71–93 டிகிரி இயல்பு, 121 உச்ச வரம்பு. ஏடிஎஃப்புக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: இயல்பு நிலைக்குமேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். பின்னால் ஒரு காரையும் கட்டி இழுத்துக்கொண்டு கொலராடோவின் ஐ-70 சாலையில், 3,401 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதைக்கு ஏறும் வண்டி ஒரே பிற்பகலில் பல மாத ஆயுளைச் செலவழித்துவிடும்.

சூட்டின் பெரும்பங்கு, பூட்டப்படாமல் (என்ஜினும் பெட்டியும் நேராக இணையாமல்) வழுக்கும் கன்வர்ட்டரில்தான் பிறக்கிறது. அதனால் ஏற்றத்தில் வேகம் விழும்வரை ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்காமல், கீழ் அம்பை அழுத்தி ஒரு கியர் இறக்கி, கன்வர்ட்டர் பூட்டிய நிலையிலேயே ஏறுங்கள். எச்சரிக்கை வந்துவிட்டால் ஓரங்கட்டி நியூட்ரலில் 1,200–1,500 ஆர்பிஎம்மில் விடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் இறங்க வேண்டும். என்ஜினை உடனே அணைத்தால் கூலருக்கு ஆயில் போவதும் நின்றுவிடும்.

வழக்கமான சாலையிலேயே சூடேறினால், ஆயிலைக் குறைசொல்லும் முன் ரேடியேட்டரைப் பாருங்கள். பின்பக்க ரேடியேட்டர் வண்டிகளில் என்ஜினின் மூச்சுக் குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் புகை கண்ணிகளில் ஒட்டி, மேலே தூசு படிந்து கம்பளி போலாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். அழுக்கு விசிறிப் பக்கம் இருக்கும். கிரீஸ் கரைக்கும் சோப்புக் கரைசல் தெளித்து ஊறவிட்டு, விசிறிப் பக்கத்திலிருந்து மெல்லிய தண்ணீர் அழுத்தத்தில் அலசுங்கள். பிரஷர் வாஷர் கண்ணிகளை மடக்கிவிடும்.

மற்ற பெட்டிகள்

அலிசன் 1000 வகையில் வெளியே திருகும் ஃபில்டர் ஒன்று உண்டு, பாக எண் 29539579. பழையதைக் கழற்றியதும் அதிலுள்ள காந்தத்தை எடுத்துத் துடைத்துப் புதியதுக்கு மாற்றுங்கள். பலர் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். கேஸ்கெட் தொட்டதும் கையால் ஒரே ஒரு முழுச் சுற்று. ஆழத் தொட்டிக்கு மாற்றளவு சுமார் 10 லிட்டர், ஆழமில்லாததுக்கு 7. வடிகால் அடைப்புக்கு 30–40 நியூட்டன் மீட்டர். புது வண்டியில் முதல் 8,000 கிலோமீட்டரில் ஃபில்டரை மட்டும் ஒருமுறை மாற்ற வேண்டும்.

ஃபோர்டு இ-450, எஃப்-53 சேஸிஸ்களில் வி10 என்ஜினோடு வந்த ஐந்து வேக, ஆறு வேக டார்க்‌ஷிஃப்ட் பெட்டிகளுக்கு மெர்கான் எல்வி என்ற ஃபோர்டு தர ஆயில். அதற்கு முந்தைய நான்கு வேக 4ஆர்100-க்கு மெர்கான் வி. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் எல்வி கேட்கும் பெட்டியில் வி-யையோ யுஎல்வி-யையோ ஊற்றக் கூடாது.

வண்டியைக் கட்டி இழுக்க நேர்ந்தால், இந்தப் பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. ஆயில் பம்ப் என்ஜினால் சுழல்வது. என்ஜின் நின்றிருக்கப் பின்சக்கரம் உருண்டால் பெட்டி உலர்ந்த நிலையில் சுற்றித் தீய்ந்துபோகும். இழுவை வண்டிக்காரர் அவசரப்படுத்தினாலும், டிரைவ் ஷாஃப்டைக் கழற்றாமல், அல்லது பின்சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்காமல், நகரவிடாதீர்கள்.