ஸ்மூத்தனிங் செய்த முடியைப் பராமரிப்பது எப்படி: முதல் மூன்று நாளும் அதற்குப் பிறகும்

பார்லரில் நான்கைந்து மணி நேரம் உட்கார்ந்து ஸ்மூத்தனிங் செய்துகொண்டு, பட்டு நூல் போல விழும் முடியோடு வீடு திரும்பியவர்கள், சில மாதங்களிலேயே "காசு வீண்" என்று சலித்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுடைய முடியைக் கையில் எடுத்துப் பார்த்தால் அது நேராகத்தான் இருக்கும்; ஆனால் நுனி இரண்டாகப் பிளந்து, நடுவில் உடைந்த குட்டை முடிகள் பஞ்சு போல எழும்பி நிற்கும்.

காரணம் செய்முறையிலேயே இருக்கிறது. முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவற்றில் உறுதியானவை கந்தகப் பிணைப்புகள். முதலில் பூசப்படும் கிரீம் அவற்றில் ஒரு பகுதியை அவிழ்த்துவிடுகிறது. அயர்ன் செய்து நேராக்கிய பின் பூசப்படும் நியூட்ரலைசர், முடி நேராக இருக்கும் நிலையிலேயே அவற்றை மறுபடி இணைக்கிறது. அவிழ்ந்தவை எல்லாம் திரும்பச் சேர்வதில்லை என்பதால், முடி பார்வைக்கு அழகாகவும் உள்ளே முன்பைவிடப் பலவீனமாகவும் ஆகிவிடுகிறது. கெரட்டின் ட்ரீட்மென்ட் என்ற பெயரில் செய்வது வேறு வகை. அது தலைக்குக் குளிக்கக் குளிக்கச் சில மாதங்களில் குறைந்துபோகும். உங்களுக்குச் செய்தது எது என்று கேட்டு, தேதியோடு குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சாயம் பூசப் போகும்போது அந்தக் குறிப்பு தேவைப்படும்.

படி 1: முதல் மூன்று நாட்கள்

பெரும்பாலான பார்லர்களில் 72 மணி நேரம் தலையை நனைக்க வேண்டாம் என்பார்கள். அதே நாளில் அலசி அனுப்பும் முறைகளும் உண்டு என்பதால், உங்கள் பார்லர் சொல்வதையே பின்பற்றுங்கள். காத்திருக்கச் சொல்லியிருந்தால், அந்த மூன்று நாளும் முடியைப் பின்னவோ, கொண்டை போடவோ, கிளிப் மாட்டவோ, பூ வைக்கவோ கூடாது. பழக்க தோஷத்தில் காதுக்குப் பின்னால் செருகிக்கொள்வதையும் நிறுத்த வேண்டும். நான் இரண்டாம் நாள் இரவு, தோசை ஊற்றும்போது முகத்தில் விழுகிறதே என்று ஒரு ரப்பர் பேண்டைப் போட்டுவிட்டு, அடுப்பை அணைத்த பிறகுதான் கழற்றினேன். பிடரிக்கு இரண்டு விரல் கீழே விழுந்த அந்த மடிப்பு, முடியை வெட்டும் வரை போகவில்லை. அப்படி ஒரு மடிப்பு தெரிந்தால், வீட்டில் எதையும் முயலாமல் உடனே பார்லருக்குச் சொல்லிவிடுவது நல்லது.

இருசக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கு ஒரு யோசனை. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டவே கூடாது. போட்டாலோ வியர்வையும் அழுத்தமும் சேர்ந்து முடி மடியும். ஆகவே வெள்ளிக்கிழமை மாலையில் செய்துகொண்டு சனி, ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டு, திங்கட்கிழமை பேருந்திலோ ஆட்டோவிலோ போய்வாருங்கள். தூங்கும்போது முடியைத் தலையணைக்கு மேலே விரித்துப் போட்டுக்கொண்டால் உடம்புக்கடியில் சிக்காது.

படி 2: தலைக்குக் குளிக்கும் முறை

சல்ஃபேட் கலக்காத ஷாம்பு வாங்குங்கள். புட்டியின் பின்புறத்தில் சோடியம் லாரில் சல்ஃபேட், சோடியம் லாரெத் சல்ஃபேட் என்ற இரண்டு பெயர்களும் இல்லையா என்று பார்த்தால் போதும். ஷாம்புவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து, உச்சந்தலையில் மட்டும் விரல் நுனியால் தேய்க்க வேண்டும். வழிந்து இறங்கும் நுரையே கீழ் முடிக்குப் போதுமானது. கண்டிஷனர் இதற்கு நேர்மாறாக, காதுக்குக் கீழிருந்து நுனி வரை மட்டும். மூன்று நிமிடம் விட்டு, சூடில்லாத தண்ணீரில் அலசுங்கள். வாரத்துக்கு இரண்டு முறை போதும்.

போர் தண்ணீர் வரும் வீடுகளில் அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். முழுக் குளியலையும் நல்ல தண்ணீரில் முடிக்க எல்லோருக்கும் வசதி இராது. கடைசியாக அலசுவதற்கு மட்டும் இரண்டு மூன்று குவளை நல்ல தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டாலே வித்தியாசம் கையில் தெரியும்.

படி 3: துவட்டுவதும் சீவுவதும்

பெரும்பாலான முடி உடைவது இங்கேதான். ஈரமான முடி இழுத்தால் நீளும், அதிகம் இழுத்தால் அறும். நம் வீடுகளில் வழக்கமாகச் செய்வது போல ஈரத்துண்டை முறுக்கிக் கொண்டையாகக் கட்டுவதையும், துண்டால் படபடவென்று அடித்து உலர்த்துவதையும் விட்டுவிடுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, மின்விசிறிக் காற்றில் முக்கால்வாசி காயவிட்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி, சிக்கு நீங்க நீங்க மேலே ஏற வேண்டும். வகிட்டிலிருந்து ஒரே இழுப்பாகச் சீவினால் சிக்கெல்லாம் கீழே திரண்டு இறுகும்.

படி 4: எண்ணெய்

எண்ணெய் வைத்தால் நேராக்கியது கலைந்துவிடும் என்ற பயம் தேவையில்லை. கந்தகப் பிணைப்பை எண்ணெயால் மாற்ற முடியாது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, குளிக்கும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கும். நான் இரண்டு வாரம் பொறுத்து, பிறகு வாரம் ஒருமுறை குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நுனிப் பகுதிக்குத் தடவ ஆரம்பித்தேன். அந்த எண்ணெயை எடுக்கச் சீயக்காயும் அரப்பும் வேண்டாம் என்பது என் கருத்து. தூள் முடியிடையே தங்கி, அலசும்போது உரசும்.

படி 5: புது முடி முளைக்கும்போது

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறு மாதத்தில் வகிட்டோரம் பழைய சுருள் நன்றாகவே தெரியும். இரண்டு தன்மையும் சந்திக்கும் அந்த இடமே எளிதில் உடையும் என்பதால், அங்கே இறுக்கமாக ரப்பர் பேண்ட் போடாதீர்கள். வீட்டில் அயர்ன் வைத்துச் சரிசெய்யவும் முயலாதீர்கள். மறுபடி செய்துகொள்வதாக இருந்தால், புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் கிரீம் பூசச் சொல்லுங்கள். முழு நீளத்துக்கும் பூசலாம், அப்போதுதான் சீராக இருக்கும் என்று யாராவது சொன்னால், நாற்காலியை விட்டு எழுந்து வந்துவிடலாம்.