பழைய வெளிச்சுவருக்குப் புதுப்பூச்சு: முதல் தடவை பூசுபவர்களுக்கு

பூச்சு வேலை என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது கலவை விகிதம். நான் முதலில் கேட்பது, பழைய பூச்சு இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான். எங்கள் வீட்டு மேற்குச் சுவரில் பழைய பெயிண்ட் மேலேயே பூசிவிட்டார்கள். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் ஓர் ஆள் அகலத்துக்குத் தட்டாகக் கழன்று விழுந்தது. விழுந்த துண்டின் பின்பக்கம் கண்ணாடி போல வழவழப்பு. பிடிமானமே இல்லை.

அதனால் முதல் நாள் கரணையை, அதாவது பூசும் கரண்டியை, தொடாதீர்கள். ஒரு சின்னச் சுத்தியலால் சுவர் முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் நல்ல பூச்சு. 'பொக்' என்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. பொக்கான இடங்களில் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்டிவிடுங்கள். கெட்டியாக இருக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, நெருக்கமாகப் பொளி போட வேண்டும், அதாவது புதுப்பூச்சு பிடிக்க உளியால் சின்னச் சின்னதாகக் கொத்திவிட வேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குழாய்க் கசிவோ சன்ஷேட் விரிசலோ இருந்தால் அதைச் சரிசெய்த பிறகுதான் பூச்சு.

ஒன்றை மறக்காதீர்கள்: சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய வீட்டுக்குச் சிமெண்ட் பூசக் கூடாது. அந்தச் சுவர் ஈரத்தை வெளியே விட்டு வாழ்வது. சிமெண்ட் அதை அடைத்துவிடும். அதற்குச் சுண்ணாம்புப் பூச்சுதான் சரி, அது தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள்.

தூணும் செங்கல்லும் சேரும் கோட்டில் விரிசல் வரும். அங்கே இருபுறமும் அரை அடி வருகிற மாதிரி கோழிவலையை ஆணி அடித்து இறுக்குங்கள். பூசுவதற்கு முந்தைய நாள் மாலை சுவரை நன்றாக நனைத்துவிடுங்கள். மறுநாள் ஈரம் இருக்கலாம், தண்ணீர் வழியக் கூடாது.

கலவைக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு சலித்த மணல். 50 கிலோ மூட்டைக்கு 5 கன அடி மணல் பிடிக்கும். கடையில் பி-சாண்ட் என்று கேளுங்கள், பூச்சுக்கென்று கல்லை நைசாக அரைத்த மணல் அது. எம்-சாண்ட் கான்கிரீட்டுக்கானது, பூச்சுக்குச் சொரசொரப்பாக இருக்கும். அரை மணி நேரத்தில் தீரும் அளவு மட்டும் குழையுங்கள். இறுகத் தொடங்கிய கலவையில் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் பலம் போய்விடும்.

அப்புறம் மட்டம். சுவரில் ஐந்தடிக்கு ஒன்றாகக் கலவைப் பொட்டுகள் வைத்து, தூக்குக்குண்டு விட்டு ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அவைதான் பூச்சின் கனத்தைச் சொல்லும். கலவையைக் கரணையால் வீசி அடிக்க வேண்டும், தடவக் கூடாது. அடிக்கிற வேகத்தில்தான் செங்கல் இடுக்குக்குள் புகும். முதல் கை, அதாவது முதல் அடுக்கு, 12 மில்லிமீட்டர். இறுகும்போது குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, மறுநாள் 8 மில்லிமீட்டரில் இரண்டாவது கை. மேலிருந்து கீழாகப் பூசி, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக்கட்டையால் (கைப்பிடி வைத்த தேய்ப்புப் பலகை) வட்டமாகத் தேயுங்கள். ஈரத்தை உறிஞ்ச வெறும் சிமெண்டைத் தூவும் பழக்கம் வேண்டாம், மயிரிழை விரிசல் விழும்.

வெயில் நேராக விழும் சுவரில் பூசாதீர்கள். மேற்குச் சுவருக்குக் காலை நேரம் நல்லது. முதல் தடவை என்றால் தரையில் நின்று எட்டும் உயரத்தில் பழகுங்கள். சாரம் கட்டி ஏறும் வேலை கொத்தனாருக்கு. கொத்தும்போது கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

மறுநாளிலிருந்து குறைந்தது 7 நாள், தினமும் மூன்று வேளை தண்ணீர் விட வேண்டும். பலபேர் கோட்டை விடுவது இங்கேதான். பெயிண்டுக்கு 28 நாள் பொறுங்கள். பிரைமர் அடிக்கும் முன் அதே சுத்தியலால் இன்னொரு தடவை தட்டிப் பாருங்கள். பொக்கென்று கேட்கும் இடத்தை இப்போதே வெட்டிப் பூசிவிடலாம்.