ஆர்டுயினோ ஊனோவின் 2 கேபி ரேமில் சென்சார் அளவீடுகளைச் சேமிப்பது எப்படி?

வெப்பநிலையைப் படித்து சீரியலில் அனுப்பும் ஸ்கெட்ச் ஏற்கெனவே உங்களிடம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்கிறேன். இப்போது கடைசி ஒரு மணி நேர அளவீடுகள் போர்டிலேயே இருக்க வேண்டும். ஊனோவின் ஏட்மெகா328பி சிப்பில் ஃபிளாஷ் 32 கேபி இருந்தாலும், ரேம் 2048 பைட்தான்.

படி 1: முதலில் கணக்கு. நேரத்துக்கு 4 பைட். வெப்பநிலையை ஃபுளோட்டாக (தசமப் புள்ளியுள்ள எண்ணாக) வைத்தால் இன்னொரு 4 பைட் போகும். பத்தால் பெருக்கி 16 பிட் முழு எண்ணாக வைத்தால் 2 பைட் போதும், 31.4 டிகிரி 314 ஆகிவிடும். ஆக, அளவீடு ஒன்றுக்கு 6 பைட். நிமிடத்துக்கு ஒன்று என்றால் 60 இடம் வேண்டும். நான் 64 வைப்பேன், மொத்தம் 384 பைட்.

படி 2: அந்த 64 இடத்தையும் குளோபல் அரேயாக அறிவித்து, ரிங் பஃபராகப் பயன்படுத்துங்கள். நிரம்பியதும் பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். மாலாக் (ஓடும்போது ரேமில் இடம் கேட்டு வாங்கும் ஃபங்ஷன்) தேவையே இல்லை. கம்பைல் செய்யும்போதே எவ்வளவு ரேம் போனது என்று தெரிந்துவிடும்.

படி 3: அனுப்பும் வரியைத் தயாரிப்பது. பலரும் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஸ்ட்ரிங் கிளாஸில் கூட்டல் குறி போட்டு ஒட்டுவது சுலபம். ஆனால் ஒவ்வொரு ஒட்டலும் ஹீப்பில், அதாவது ஓடும்போது கேட்டு வாங்கும் ரேம் பகுதியில், இடம் கேட்கலாம், பிறகு விடலாம். நீளங்கள் மாறிக்கொண்டே இருந்தால் நடுநடுவே ஓட்டை விழும். மொத்தத்தில் 300 பைட் காலியாக இருக்கும், ஆனால் துண்டு எதுவும் 40 பைட்டைத் தாண்டாது. அப்போது 100 பைட் கேட்டால் கிடைக்காது. பிழைச் செய்தியும் வராது. ஒட்டவேண்டிய பகுதி மட்டும் காணாமல் போயிருக்கும். மேசையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இது தெரியாது.

அதற்குப் பதில் 32 பைட் கேரக்டர் அரே ஒன்றை வைத்து, எஸ்என்பிரின்ட்எஃப் (எண்களை எழுத்தாக்கி அரேயில் எழுதும் ஃபங்ஷன்) கொண்டு நிரப்புங்கள். அரேயின் அளவை அதனிடம் சொல்லிவிடுவதால் எல்லை தாண்டி எழுதாது. அது திருப்பித் தரும் எண் 32 அல்லது அதற்கு மேல் என்றால் வரி வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். சீரியலில் நேரடியாக அச்சிடும் மாறாத வாசகங்களை எஃப் மேக்ரோவுக்குள் போடுங்கள், அவை ஃபிளாஷிலேயே இருந்துவிடும்.

படி 4: ஸ்டாக்கை (ஃபங்ஷனுக்குள் அறிவிப்பவை தங்கும் ரேம் பகுதியை) மறக்காதீர்கள். ஐடிஇ காட்டும் ரேம் கணக்கில் ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் அரேக்கள் சேராது. அவை மீதியிருக்கும் இடத்தில், மேலிருந்து கீழே வளரும். குளோபல்களைத் தொட்டுவிட்டால் மதிப்புகள் சத்தமில்லாமல் கெடும். ஆர்டுயினோ ஐடிஇக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய பிளாட்ஃபார்ம்ஐஓ எனக்குப் பிடித்ததற்கு முக்கியக் காரணம், ஒவ்வொரு பில்டிலும் ரேம் சதவீதத்தைப் பட்டையாகக் காட்டுவது. 70 தாண்டினால் நான் அரேக்களைச் சுருக்கத் தொடங்கிவிடுவேன்.

அளவு முன்கூட்டியே தெரியாவிட்டால்? செட்டப்பில் ஒருமுறை மட்டும் மாலாக் செய்துவிட்டு, அப்புறம் ஃப்ரீ (வாங்கிய இடத்தைத் திருப்பிக் கொடுப்பது) செய்யவே செய்யாதீர்கள். சிறு சிப்களுக்கான இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் ஹீப்_1 என்ற நினைவக முறையும் இடத்தைத் திருப்பிக் கொடுக்காது.

பின்சேர்க்கை: ஃபிரீசருக்குள் சென்சார் வைத்த ஒருவருக்கு "0.-5" என்று வந்ததாம். பத்தால் வகுத்த ஈவையும் மீதியையும் அப்படியே அச்சிட்டால் அப்படித்தான் வரும்: -5ஐ வகுத்தால் ஈவு 0, மீதி -5. குறியைத் தனியாக அச்சிட்டு, எண்ணை நேர்மமாக்கிய பிறகு வகுங்கள். இதற்காக ஃபுளோட்டுக்கு மாறிவிடாதீர்கள். ஊனோவில் எஸ்என்பிரின்ட்எஃப்பிடம் ஃபுளோட்டைக் கொடுத்தால், கூடுதல் அமைப்பு எதுவும் செய்யாதவரை, வெறும் கேள்விக்குறிதான் வரும்.