கரையே தொடாத நாள்: மலாக்கா நீரிணையில் கப்பலில் இளைப்பாறுவது எப்படி

சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் நான்கு இரவுப் பயணத்தில், புக்கெட்டை விட்டுக் கிளம்பிய மறுநாள் முழுக்கக் கப்பல் எந்தக் கரைக்கும் போகாது. அட்டவணையில் அந்த நாளுக்கு நேரே 'கடலில்' என்று மட்டும் போட்டிருக்கும். நிறையப் பேர் இதை வெறும் நாள் என்று நினைத்து, காலை எட்டு மணிக்கே ஆரம்பித்து பிங்கோ, நடன வகுப்பு, ஷோ என்று மாடி மாடியாக ஓடி, ராத்திரி கால்வலியோடு படுக்கிறார்கள். எனக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்த நாள் இதுதான். நிகழ்ச்சி நிரலில் இரண்டே இரண்டைக் குறித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள், கடலைப் பார்ப்பதற்கே அந்த நாள் பத்தாது.

முதல் வேலையை முந்தின நாளே முடிக்க வேண்டும். சிங்கப்பூர் திரும்பும்போது வருகை அட்டை வேண்டும், இணையத்தில் இலவசமாக நிரப்புவது, வந்து சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும். புக்கெட்டில் கரையில் நல்ல இணையம் கிடைக்கும்போதே அதை முடித்துவிட்டால் மறுநாள் நிம்மதி. அப்புறம் கப்பல் கிளம்பியதும் ஃபோனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுக்கடலில் கப்பலின் சாட்டிலைட் நெட்வொர்க்கில் ஃபோன் தானாகச் சேர்ந்துகொண்டால் ரோமிங் பில் பயமுறுத்தும், சாதாரண ரோமிங் பேக் அங்கே செல்லாது. மணியையும் பார்த்துக்கொள்ளுங்கள்: தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால், ஃபோன் எதைக் காட்டினாலும் கப்பலின் கடிகாரம்தான் கணக்கு.

காலையில் ஆறரைக்கு எழுந்துவிடுங்கள். சிங்கப்பூர் நேரப்படி இங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கும், அதனால் இது ஒன்றும் பெரிய தியாகம் இல்லை. கப்பல் தென்கிழக்கே போவதால் உதயம் இடப்பக்கம் முன்னால் தெரியும், அஸ்தமனம் வலப்பக்கம் பின்னால். அந்த நேரத்தில் மேல் டெக்கில் நடப்பவர்களும் தரையைக் கழுவும் ஊழியர்களும்தான் இருப்பார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில் போனால் விடியற்காலையில் 'சுமத்ராஸ்' என்கிற மழைப்புயல் வரிசையாக வரும், அதை மட்டும் தவறவிடாதீர்கள். நான் ஒரு ஜூலை மாதம் பார்த்தேன். வலப்பக்கம் அடிவானத்தில் மை தடவினாற்போல ஒரு கோடு, அது நெருங்க நெருங்கக் கடல் பச்சையிலிருந்து ஈயநிறத்துக்கு மாறியது, காற்று சட்டென்று குளிர்ந்தது, நாற்காலி மேலிருந்த துண்டுகள் பறந்தன. ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்து வெயில் வந்துவிட்டது. கூரை உள்ள இடத்தில், கம்பியை ஒட்டாமல் தள்ளி நின்று பாருங்கள்.

குமட்டலுக்குப் பயப்படுபவர்களுக்கு இது நல்ல கடல். ஒரு பக்கம் சுமத்ரா, மறுபக்கம் மலாய்த் தீபகற்பம், இரண்டும் பெரிய அலைகளைத் தடுத்துவிடுகின்றன. அப்படியும் தலை சுற்றினால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதிக்கு வந்து உட்கார்ந்து அடிவானத்தைப் பாருங்கள், ஃபோன் திரையைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதென்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு முன்கூட்டியே போட வேண்டும், குமட்டல் வந்த பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது.

காலைச் சாப்பாட்டுக்கு எட்டரையிலிருந்து பத்து வரை பஃபே பக்கம் போகாதீர்கள், கப்பலே அங்கேதான் இருக்கும். பிரதான உணவுக்கூடத்தில் மேசைக்கே கொண்டுவந்து தருவார்கள், பயணக் கட்டணத்திலேயே சேர்ந்ததுதான், கூட்டமும் குறைவு. சைவக்காரர்கள் முந்தின இரவு பரிமாறுபவரிடம் சொல்லிவைத்தால் பருப்பு, சப்பாத்தி மாதிரி ஏதாவது தனியாகச் செய்து தர வாய்ப்பு உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள். கையை சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள், வாசலில் இருக்கும் சானிட்டைசர் மட்டும் போதாது. கப்பல்களில் பரவி வாந்தி, பேதி உண்டாக்கும் நோரோவைரஸ் சானிட்டைசருக்கு எளிதில் அடங்குவதில்லை.

சரி, இப்போது முக்கியமான விஷயம். நல்ல நாற்காலி எது? நீச்சல் குளத்தைச் சுற்றி இருப்பவற்றுக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். கப்பல் 18 நாட் (மணிக்கு 18 கடல் மைல்) வேகத்தில் போனால், காற்றே இல்லாத நாளிலும் முகத்தில் மணிக்கு 33 கிலோமீட்டர் காற்று அடிக்கும். அதனால் முன்பக்கத்தைப் படமெடுக்க வைத்துக்கொண்டு, உட்காருவதற்குப் பின்பக்கம், நிழலான, இடப்பக்கம் பார்த்த இடமாகப் பிடியுங்கள். ஏன் இடப்பக்கம் என்றால், நீரிணையில் சாலை மாதிரியே போக்குவரத்துப் பாதைகள் உண்டு, ஆனால் அங்கே வலப்பக்கம் ஒதுங்கிப் போவது விதி. நாம் சுமத்ரா பக்கப் பாதையில் போகிறோம், எதிரே வருபவை மலேசியக் கரையை ஒட்டி நமக்கு இடப்பக்கமாகக் கடக்கும். எண்ணெய்க் கப்பல்களைக் கவனியுங்கள். வளைகுடாவிலிருந்து சீனா, ஜப்பான் பக்கம் நம்மோடு போவது நிறைய பாரம் ஏற்றித் தண்ணீரில் அமுங்கிப் போகும், மேல்தட்டு அலைமட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். திரும்பிப் போவது காலியாக உயர்ந்து நிற்கும், வயிற்றின் சிவப்புச் சாயம் பளிச்சென்று தெரியும். சிவப்பு எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துப் பாரம் உண்டா இல்லையா என்று சொல்வது குழந்தைகளுக்கு ஒரு நல்ல விளையாட்டு, என் மகள் மதியம்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. நீரிணையின் ஆழம் சில இடங்களில் 25 மீட்டர் அளவுதான், அதனால் மிகப் பெரிய எண்ணெய்க் கப்பல்கள் முழுப் பாரத்தோடு இந்த வழி வர முடியாது.

இந்தத் தண்ணீர் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1926-இல் கட்டிய ரஜூலா கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூருக்கு ஆட்களை ஏற்றிப்போனது. டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்கள் பினாங்கு தாண்டியதும் இதே கடலைத்தான் பார்த்திருப்பார்கள். நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது எனக்கு அவர்கள் நினைப்பு வராமல் இருந்ததில்லை.

பதினொன்றரையிலிருந்து மூன்று வரை உள்ளே வந்துவிடுங்கள். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு பக்கத்தில், காற்று அடிப்பதால் சூடு தெரியாமலே தோல் வெந்துவிடும். சாப்பிட்டுத் தூங்குங்கள். ஏசி கேபினிலிருந்து கேமராவோடு வெளியே போனால் லென்ஸ் பனி படிந்துவிடும், துடைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள், தானே தெளியும். மசாஜ் செய்துகொள்ள ஆசை இருந்தால் அதைத் துறைமுக நாளில் வைத்துக்கொள்ளுங்கள், கரையில் இருக்கும்போதுதான் தள்ளுபடி கிடைக்கும்.

சாயங்காலம் வலப்பக்கம் மாறிக்கொள்ளுங்கள். சூரியன் சுமத்ரா பக்கம் இறங்கும், அந்தக் கரை பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, அதன் மேலே குவிந்திருக்கும் மேகம்தான் தெரியும். இருட்டியதும் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக வரும்.

ராத்திரி, ஊழியர்கள் எடுத்துப்போவதற்காகப் பெட்டியில் அடையாளச் சீட்டு கட்டி கேபினுக்கு வெளியே வைக்கும்போது பாஸ்போர்ட், மாத்திரை, மறுநாள் உடுத்தும் துணி மூன்றையும் கைப்பையில் எடுத்து வைத்துவிடுங்கள். போன முறை பக்கத்து கேபின் அண்ணன் செருப்பைக்கூடப் பெட்டியில் போட்டுவிட்டு, காலையில் கப்பலின் துணிச் செருப்போடு இறங்கினார். அலாரத்தை ஐந்து மணிக்கு வையுங்கள். சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களின் விளக்குகளுக்கு நடுவே கப்பல் மெதுவாக நுழையும், அப்போது மேல் டெக்கில் ஒரு டீயோடு நில்லுங்கள்.