மீன் தொட்டிக்கு மணல்: பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள்

கடற்கரையில் ஒரு பை மணல் அள்ளி வந்து, நாலு தண்ணீர் அலசி, தொட்டியில் கொட்டிவிடுகிறவர்கள் நிறைய. உப்பு போய்விடும், சரி. பொடிந்த கிளிஞ்சல் எங்கே போகும்? அது சுண்ணாம்பு. மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஏற்றும். நியான் டெட்ரா, டிஸ்கஸ் மாதிரி மென்னீர் மீன்களுக்கு இது ஆகாது. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட் வகை மீன் வளர்ப்பவருக்குத்தான் அந்தச் சுண்ணாம்பு பயன்படும்.

எந்த மணலானாலும் வினிகர் சோதனை செய்யுங்கள். காய்ந்த மணல் இரண்டு ஸ்பூன் கண்ணாடி டம்ளரில் போட்டு, மூழ்கும்வரை வினிகர் ஊற்றுங்கள். உடனே கிளம்பும் பெரிய குமிழிகள் மணலுக்குள் இருந்த காற்று. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நன்றாகக் கலக்கிய பிறகும் பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டே இருந்தால் சுண்ணாம்பு இருக்கிறது. டம்ளரைக் காதருகே வைத்தால் சோடா பொங்குவது போல மெல்லிய சத்தம்கூடக் கேட்கும்.

அடுத்தது, வீடு கட்டி மீந்த எம்-சாண்ட். கருங்கல்லை உடைத்துச் செய்வதால் முனைகள் கூராக இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாலே குத்தும். மணலைக் கிளறி இரை தேடும் கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தி மீனுக்கு அது நல்லதல்ல, வாயும் மீசையும் புண்ணாகலாம். சிமெண்ட் தூள் கலந்திருந்தால் தொடவே வேண்டாம். சலித்த ஆற்று மணலோ, தண்ணீர் வடிகட்டிகளில் போடும் உருண்டைச் சிலிக்கா மணலோ எவ்வளவோ மேல்.

பளிச்சென்ற நீல, சிவப்பு மணல் எனக்குப் பிடிப்பதில்லை. குழந்தைகள் அடம்பிடித்தால், ஒரு பிடியை வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவையுங்கள். சாயம் இறங்கினால் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

செடி இல்லாத தொட்டிக்கு 3 முதல் 4 சென்டிமீட்டர் ஆழம் போதும். நுண்மணலைக் கனமாகப் போட்டால் அடியில் காற்றோட்டம் இல்லாமல் கறுத்து, கிளறும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். 60 × 30 சென்டிமீட்டர் அடிப்பரப்புக்கு 4 சென்டிமீட்டர் என்றால் ஏழு லிட்டர் மணல், சுமார் 11 கிலோ. மூட்டையாக வாங்க வேண்டியதில்லை.

கழுவச் சோப்பு கூடாது. பக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். தொட்டியில் பரப்பியதும் மேலே ஒரு தட்டை வைத்து அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் மணல் கலங்காது. கலங்கல் அடங்கும்வரை ஃபில்டரைப் போடாதீர்கள். மணல் உள்ளே போனால் மோட்டார் விசிறி தேய்ந்துவிடும்.