ஏறும்போது ஸ்பீடு குறையுதா, மாக் நம்பரையும் சேர்த்துப் பாருங்க

சிமுலேட்டர்ல ஏ320 பயணிகள் ஜெட் விமானத்தை ஓட்ட ஆரம்பிச்சவங்க நிறைய பேருக்கு வர்ற பயம் இது, 30,000 அடி தாண்டினதும் ஸ்பீடு தானா இறங்குதே, எதையாவது தப்பா செட் பண்ணிட்டோமான்னு. பெரும்பாலும் தப்பே இருக்காது.

திரையில தெரியுற அந்த ஸ்பீடு இண்டிகேட்டட் ஸ்பீடு, அதாவது விமானத்துக்கு வெளிய முன்னோக்கி நீட்டிக்கிட்டிருக்கற பிட்டோ ட்யூப்ங்கற குழாய்ல காத்து வந்து மோதுற அழுத்தத்தை வெச்சு காட்டுறது. 36,000 அடியில காத்தோட அடர்த்தி கடல்மட்டத்துல இருக்கறதுல 30 சதவீதம்தான், அதனால மேல போகப்போக அதே அழுத்தம் வரணும்னா விமானம் இன்னும் வேகமா போயாகணும். 10,000 அடியில 300 நாட் (விமான வேகத்தோட அலகு) காட்டினா உண்மையான வேகம் 345 பக்கம், 29,000 அடியில அதே 300 காட்டும்போது 460கிட்ட!

இப்ப ஏறுற முறை. 10,000 அடி வரைக்கும் 250 நாட், பல நாடுகள்ல அதுதான் லிமிட். அதுக்கு மேல 300க்கு ஏத்திட்டு அப்படியே பிடிச்சுக்கிட்டு போங்க, ஆனா கண்ணு மாக் நம்பர் மேல, அதாவது ஒலியோட வேகத்துல விமானம் எத்தனை பங்கு வேகத்துல போகுதுங்கற எண் மேல இருக்கட்டும், ஏன்னா இண்டிகேட்டட் மாறாம இருந்தாலும் மாக் ஏறிக்கிட்டே வரும், ஒருபக்கம் உண்மையான வேகம் கூடுது, இன்னொரு பக்கம் குளிர் கூடக்கூட ஒலியோட வேகம் குறையுது. 29,000 அடி தாண்டி கொஞ்சத்துல 0.78 வந்துரும். இதைத்தான் கிராஸ்ஓவர்னு சொல்றாங்க. இனிமே பிடிக்க வேண்டியது மாக்கைத்தான், ஆட்டோபைலட் தானாவே மாறிக்கும், 300 நாட் மெல்ல இறங்கி 35,000 அடியில 265 பக்கம் வந்து நிக்கும். அதைப் பார்த்து மூக்கை இறக்கி ஸ்பீடு ஏத்தப் போகாதீங்க, மாக் லிமிட்டை தாண்டிருவீங்க.

நிஜமாவே கவலைப்பட வேண்டியது மாக்கும் சேர்ந்து குறையும்போதுதான். ஏறுற வேகத்தை நாமளே குறிச்சுக் குடுக்கற வெர்டிகல் ஸ்பீடு மோடுல நிமிஷத்துக்கு 2,000 அடின்னு வெச்சுட்டு விட்டா இது நடக்கும், அவ்ளோ உயரத்துல இன்ஜினுக்கு அந்த பவர் இருக்காது, ஆட்டோபைலட் கேட்ட ஏத்தத்தை குடுக்கறதுக்காக மூக்கை தூக்கிக்கிட்டே போகும், வேகம் கரைஞ்சு ஸ்டால் (இறக்கை தூக்கு விசையை இழக்கற நிலை) பக்கம் போயிரும். உடனே ஏறுற வேகத்தை 500 அடிக்கு குறைங்க, இல்ல ஸ்பீடை பிடிச்சுக்கிட்டு ஏறுற கிளைம்ப் மோடுக்கு மாத்துங்க. மேல ஏறும்போது எப்பவுமே அந்த மோடுதான் நல்லது.