திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து குற்றாலம் வரை: பேசுவதற்கான இங்கிலீஷைப் படிப்பது எப்படி

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். அவ்வளவு கல்லூரிகள் இருக்கிற ஊர்ப்பக்கம், ஆனாலும் நன்றாகப் படித்து மார்க் வாங்கிய நம் பிள்ளைகள் இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் வாயடைத்துப் போவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. அவர்களுக்குச் சொற்கள் தெரியாமல் இல்லை, தனித்தனிச் சொல்லாக மனப்பாடம் செய்திருக்கிறார்கள், முழு வாக்கியமாக வாய்விட்டுச் சொல்லிப் பழகவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதினாலும் நீங்கள் நோட்டில் இங்கிலீஷ் எழுத்திலேயே எழுத வேண்டும், ஏனென்றால் "பேக்" என்று தமிழில் எழுதி வைத்தால் அது தோளில் மாட்டுகிற பையா, முதுகா, ரொட்டி சுடுவதா என்று மறுநாள் உங்களுக்கே தெரியாது.

பக்கத்துக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள்: பஸ், கடை, ஆஸ்பத்திரி, பேங்க், போன். பஸ்ஸையே எடுத்துக்கொள்வோம். டிக்கெட், சீட், ஸ்டாப் எல்லாம் ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது, இல்லாதது அவற்றைச் சேர்த்துக் கட்டுகிற சின்னச் சொற்கள்தான். "டஸ் திஸ் பஸ் கோ டு தென்காசி?", "வேர் ஷுட் ஐ கெட் ஆஃப்?", "ஈஸ் திஸ் சீட் டேக்கன்?" இந்த மூன்றையும் அப்படியே எழுதி, தென்காசி இருக்கிற இடத்தில் அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று ஊரை மட்டும் மாற்றிச் சொல்லிப் பாருங்கள். கெட், டேக், புட், கோ, ஹேவ் இந்த ஐந்துக்கும் தனிப் பக்கம் வேண்டும்: கெட் ஆன் என்றால் ஏறுவது, கெட் ஆஃப் இறங்குவது, கெட் அப் எழுந்திருப்பது, கெட் பேக் திரும்பி வருவது. பேச்சின் பாரத்தைத் தூக்குவது இவைதான்.

பெரிய பெரிய சொற்களைத் தேடி அலைய வேண்டாம். வங்காளத்தில் இங்கிலீஷ் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்கள்தான். அன்றாடம் பேசவும் எழுதவும் வேண்டியதில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும்.

காதுப் பயிற்சிக்கு ஜங்ஷன் ரயில் நிலையம் நல்ல இடம். ஒரே செய்தியைத் தமிழிலும் சொல்வார்கள், இங்கிலீஷிலும் சொல்வார்கள், அதனால் பொருள் தெரிந்த பிறகு கேட்கிறீர்கள். சென்னைக்குப் போகிற நெல்லை எக்ஸ்பிரஸ் 12632, அதை "ஒன் டூ சிக்ஸ் த்ரீ டூ" என்று ஒவ்வோர் எண்ணாகச் சொல்வதைக் கவனியுங்கள், போன் நம்பரையும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம், மரியாதை. இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் போதுமான அளவு சொல்லித் தருவதில்லை. "அண்ணாச்சி, ரெண்டு டிக்கெட் குடுங்க" என்றால் அண்ணாச்சியும் அந்த "ங்க"வும் மரியாதையைப் பார்த்துக்கொள்ளும். அதையே "கிவ் மீ டூ டிக்கெட்ஸ்" என்று மாற்றினால் கேட்பவருக்கு "குடு" என்று அதட்டின மாதிரி இருக்கும். இங்கிலீஷில் மரியாதை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடும்: "குட் (could) ஐ ஹேவ் டூ டிக்கெட்ஸ், ப்ளீஸ்?" உதவி கேட்டால் "குட் யூ ஹெல்ப் மீ வித் திஸ்?" ஆபீசில் வயசானவரை அங்கிள் என்று கூப்பிட வேண்டாம், சார், மேடம் போதும்.

நம் பக்கம் அடிக்கடி காதில் விழுகிற சிலவற்றை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். "மைசெல்ஃப் முருகன்" வேண்டாம், "ஐ ஆம் முருகன்". "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" வேண்டாம், "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்". நேற்று என்று சொல்லிவிட்டால் "ஐ ஹேவ் சீன்" வராது, "ஐ சா ஹிம் எஸ்டர்டே" என்பதே சரி.

எழுதியதை அன்று இரவு ஒரு தடவை, மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டுத் திருப்புங்கள். படித்தது முதல் ஓரிரு நாளில்தான் வேகமாக மறக்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். வெறுமனே வாசிக்காமல் பக்கத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து சத்தமாகச் சொல்லுங்கள்.

வாரத்துக்கு ஒரு நாள் அக்காவோ மச்சானோ கிடைத்தால் உட்கார வைத்து, வெளியூர்க்காரருக்கு நம் ஊரை அறிமுகப்படுத்துவதுபோலப் பேசுங்கள். அல்வாவுக்கு "இட்ஸ் மேட் வித் வீட், ஷுகர் அண்ட் கீ", குற்றாலத்துக்கு "த சீசன் யூஷுவலி ஸ்டார்ட்ஸ் இன் ஜூன்", பத்தமடைப் பாய் கோரையில் நெய்வது என்பதை நீங்களே சொல்லிப் பாருங்கள். ஆள் இல்லாவிட்டால் போனில் பதிவு செய்து கேளுங்கள்.

நடுவில் திக்கினால் பேச்சை நிறுத்திவிடக் கூடாது. அதற்கும் வாக்கியங்கள் இருக்கின்றன: "லெட் மீ திங்க்", "ஐ டோன்ட் நோ த வேர்ட் ஃபார் இட்", "சாரி, குட் யூ சே தட் அகெய்ன், ஸ்லோலி?" இவற்றை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பழகிவிடுங்கள்.